இறக்கத்தில் மட்டும் நழுவிய மூன்றாவது கியர்



இந்த ஆண்டு மலருக்கு, லாரியின் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனில் ஸ்பேர் மாற்றுவது பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள. நல்ல தலைப்புதான். ஆனால் தேனியிலிருந்து கம்பம் வரை ரோட்டோரம் நிற்கிற லாரிகளின் கேபினில் ஏறிப் பாருங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் டிரைவரின் இடது கைப்பக்கம் கியர் லிவரும், இடது காலடியில் கிளட்ச் பெடலும்தான் இருக்கும். ஆட்டோமேட்டிக் பெட்டியை நான் பார்த்தது பயிற்சி வகுப்பில், மேஜை மேலே பிரித்து வைத்த நிலையில், ஒரே ஒரு தடவை. கழட்டி, மாட்டி, கையெல்லாம் ஆயிலாகி, திட்டும் வாங்கியது சாதாரண கியர் பெட்டியில்தான். எனவே தெரிந்ததை எழுதுகிறேன். ஆட்டோமேட்டிக் விஷயத்தையும் நடுவில் ஒரு சரியான இடம் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இன்பிளான்ட் டிரெயினிங்குக்காகத் தேனியில் ஒரு லாரிப் பட்டறையில் இருந்தேன். சின்னமனூர், கம்பம் பக்கம் காய்கறி ஏற்றி, குமுளி வழியாகக் கோட்டயத்துக்கு ஓடுகிற ஒரு லாரி வந்தது. லோடோடு சேர்த்துப் பத்து டன் இருக்கும். ஐந்து கியர் உள்ள சிங்க்ரோமெஷ் பெட்டி. ஓட்டுகிறவரே ஓனர். வண்டி மேல் இன்னும் கடன் இருக்கிறது என்பதை வந்த ஐந்தாவது நிமிஷமே சொல்லிவிட்டார்.

"ஏத்தத்துல ஒண்ணும் இல்ல தம்பி. சமதளத்துலயும் தேவலை. இறக்கத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தேன்னா மூணாவது கியர் தானா நியூட்ரலுக்கு வந்துருது. போன நடை, லிவரை இடது கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேதான் முண்டக்கயம் வரைக்கும் இறக்குனேன். வளைவுல ஸ்டியரிங் ஒத்தைக் கையில."

இரண்டு மாதத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் பெட்டியை இறக்கி மூன்றாவது கியரும் ஸ்லீவும் புதுசு போட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடியது, மறுபடி அதே வியாதி. "ஸ்பேர் டூப்ளிகேட்டா இருக்கும்" என்று கிளீனர் தம்பி சொன்னான். எனக்கும் அப்படித்தான் பட்டது. பட்டறையில் பெரிய மெக்கானிக் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

லிவரைக் கையால் பிடித்துக்கொண்டு மலை இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதை முதலில் சொல்ல வேண்டும். லோயர் கேம்ப்பில் இருந்து குமுளிக்கு ஏறும்போது லோடு வண்டி ஏற்றத்தில்தான் போகிறது. ஆபத்து அந்தப் பக்கம். வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம் தாண்டினால் முண்டக்கயம் வரை ஒரே இறக்கம். முழு லோடோடு இறங்க வேண்டிய இடம் அது. நாம் படித்த அப்ளைடு சயின்ஸ் கணக்கையே போட்டுப் பாருங்கள். பத்து டன் வண்டி, 800 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 7 கோடியே 80 லட்சம் ஜூல் வருகிறது. கரண்ட் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 22 யூனிட். குமுளி ரோட்டில் போகும்போது மலையில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். பெரியாற்றுத் தண்ணீர் உயரத்தில் இருந்து இறங்குகிற அந்தச் சக்தியை லோயர் கேம்ப்பில் டர்பைன் வைத்துப் பிடித்துக் கரண்டாக்குகிறார்கள். லாரி இறங்கும்போது அதே மாதிரிச் சக்தி வெளியே வருகிறது, பிடித்து வைக்கத்தான் ஆள் இல்லை. அது முழுக்கப் பிரேக் டிரம்மில் சூடாகத்தான் போக வேண்டும் என்றால் டிரம் விரியும், லைனிங்கின் பிடிமானம் குறையும், பெடல் ஆழமாகப் போகும், கருகிய வாடை வரும். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் பழைய டிரைவர்கள் "ஏறுற கியர்லயே இறங்கு" என்பார்கள். சின்ன கியரில் இருந்தால் வண்டியின் சக்கரம் இன்ஜினைச் சுற்ற வைக்கும், இன்ஜின் முரண்டு பிடித்து வண்டியை நிறுத்தப் பார்க்கும். பாரத்தில் பெரும் பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ள, பிரேக்குக்கு மிச்சம்தான். நடுவளைவில் கியர் நழுவினால் இந்தத் துணை ஒரு நொடியில் போய்விடுகிறது. போனால் திரும்பப் போடுவதும் லேசில்லை. நியூட்ரலில் வண்டி வேகம் எடுத்துவிடும், இன்ஜின் ஐடிலுக்கு வந்துவிடும். இரண்டு வேகத்தையும் சமப்படுத்த சிங்க்ரோ ரிங்கால் முடியாது, கரகர என்று கத்தும்.

சரி, ஏற்றத்தில் நிற்கிற கியர் இறக்கத்தில் மட்டும் ஏன் நழுவுகிறது? பரீட்சைக்குப் படம் வரைந்து முழு மார்க் வாங்கியவன் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சிங்க்ரோமெஷ் பெட்டியில் முன்னோக்குக் கியர்கள் எல்லாமே எப்போதும் ஒன்றோடொன்று பல் கோத்துத்தான் சுற்றுகின்றன. 1928-ல் கெடிலாக் காரில் முதன்முதலாக வந்த காலத்தில் இருந்து அடிப்படை ஏற்பாடு மாறவில்லை. மெயின் ஷாஃப்ட் மேல் இருக்கும் மூன்றாவது கியர், ஷாஃப்ட்டோடு ஒட்டாமல் நீடில் பேரிங் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். லிவரைத் தள்ளும்போது நாம் நகர்த்துவது கியரை அல்ல, ஸ்லீவை. ஸ்லீவ் நகர்ந்துபோய் கியரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பற்களைக் கவ்வும். நாய்ப்பல் என்று பொருள்படும் பெயரில் டாக் டீத் என்கிறோமே, அவைதான் அந்தச் சின்னப் பற்கள். அதுவரை அநாதையாகச் சுற்றிய கியர் அப்போதுதான் ஷாஃப்ட்டோடு பூட்டிக்கொள்கிறது.

இந்த டாக் பற்கள் நேராக வெட்டப்பட்டவை அல்ல. நுனி சற்று அகலமாக, அடி சற்றுக் குறுகலாக இருக்கும். பாரம் ஏற ஏற ஸ்லீவை உள்ளே இழுத்துப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. தேய்ந்து சரிவு மாறிவிட்டால் அதே பாரம் ஸ்லீவை வெளியே தள்ளும். இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு முகம். இன்ஜின் வண்டியை இழுக்கும்போது பாரம் ஒரு முகத்தில். வண்டி இன்ஜினைத் தள்ளும்போது பாரம் எதிர் முகத்தில். எதிர் முகம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் ஒரு குறையும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. கியரின் பெரிய பற்கள் சாய்வாக வெட்டப்பட்ட ஹெலிகல் பற்கள். சத்தம் குறைவதற்காகச் சாய்த்து வெட்டுகிறார்கள். சாய்ந்த பல் ஒன்றை ஒன்று தள்ளும்போது சுற்றுவதோடு நிற்காது, ஷாஃப்ட்டின் நீளவாக்கிலும் தள்ளும். இழுக்கும்போது ஒரு பக்கம் தள்ளினால், இறக்கத்தில் நேர் எதிர்ப்பக்கம் தள்ளும். பேரிங் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் இந்தத் தள்ளலைத் தாங்கிக்கொள்ளும். பேரிங்குக்கு நகர இடம் இருந்தால் ஷாஃப்ட்டே கியரோடு சேர்ந்து முன்னும் பின்னும் போய்வரும். ஸ்லீவோ செலெக்டர் ஃபோர்க்கின் பிடியில் நின்ற இடத்தில் நிற்கும். விளைவு, ஸ்லீவ் கவ்வியிருக்கும் ஆழம் குறையும்.

இப்போது பட்டறைக்குத் திரும்புவோம். நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போனேன். பெரிய மெக்கானிக் கூப்பிட்டார். "எங்க போற? திறக்குறதுக்கு முன்னாடி அளந்துக்க. திறந்துட்டா ஆதாரம் போயிரும்."

முதலில் ஆயிலை இறக்கினோம். டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் இரும்புத் தூள் பசை மாதிரி அப்பியிருந்தது. ஆயிலைச் சாய்த்துப் பார்த்தால் பித்தளைத் தூள் ஜரிகையாக மின்னியது. அது காந்தத்தில் ஒட்டாது. சிங்க்ரோ ரிங்கின் தேய்மானம். அடுத்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டிவிட்டு, பெட்டியின் பின்னால் உள்ள ஃபிளாஞ்சில் டயல் கேஜை நிறுத்தி, ஷாஃப்ட்டை லிவர் வைத்து முன்னும் பின்னும் நெம்பச் சொன்னார். முள் 0.62 மில்லிமீட்டர் ஓடியது. அந்தப் பெட்டியின் சர்வீஸ் புத்தகம் அனுமதிப்பதைவிட ஐந்து மடங்குக்கும் மேல். அரை மில்லி சமாச்சாரம்தானே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை வாய்விட்டும் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் பின் கவரைக் கழட்டச் சொன்னார்.

கவரைக் கழட்டியதும் விஷயம் தெரிந்தது. பேக்கிங் இரண்டு. ஒரு மெல்லிய பேப்பர் பேக்கிங் இருக்க வேண்டிய இடத்தில், தடித்த ஷீட்டில் கையால் வெட்டிய இன்னொன்றும் சேர்த்துப் போடப்பட்டிருந்தது. பேக்கிங் என்றால் ஆயில் ஒழுகாமல் இருக்கத்தானே என்று நினைப்போம். இந்த இடத்தில் அது மட்டும் இல்லை. அந்தக் கவரின் உள்விளிம்புதான் பேரிங்கின் வெளிவளையத்தை அமுக்கிப் பிடிக்கிறது. பேக்கிங் தடித்தால் கவர் அந்த அளவுக்கு விலகி நிற்கும், பேரிங்குக்கு அந்த அளவுக்கு நகர இடம் கிடைக்கும்.

ஏன் இரண்டு போட்டார்கள்? ஆயில் ஒழுகியிருக்கிறது. ஏன் ஒழுகியது? பெட்டியின் மேல் பக்கம் ஒரு சின்ன மூச்சுத் துளை உண்டு, பிரீதர். ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரிவதை வெளியே விடுவதற்கு. அதில் சேறு காய்ந்து கல்லாக அடைத்திருந்தது. காற்று போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த சந்து வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது.

கணக்கு இப்போது நேராகிறது அல்லவா? துளை அடைத்தது, ஆயில் ஒழுகியது, ஒழுகலுக்குப் பேக்கிங் சேர்ந்தது, பேக்கிங்கால் பேரிங் ஆடியது, பேரிங் ஆடி டாக் பற்கள் தேய்ந்தன, கியர் நழுவியது, கியரும் ஸ்லீவும் புதுசு வாங்கிப் போட்டார்கள். புதுசும் அதே ஆட்டத்தில் தேய்ந்தது. ஸ்பேரைப் பழி சொன்ன கிளீனர் தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போலி ஸ்பேர் சந்தையில் இல்லை என்று சொல்லவில்லை, இருக்கத்தான் செய்கிறது. இந்த வண்டியில் குற்றவாளி அது இல்லை, அவ்வளவுதான்.

பெட்டியை முழுதாகப் பிரித்தோம். கழட்டிய வரிசையிலேயே செய்தித்தாள் விரித்து வைத்தோம். இடமிருந்து வலமாக, எந்த முகம் முன்னால் இருந்ததோ அந்த முகம் முன்னால். ஸ்லீவும் ஹப்பும் எந்தப் பல்லில் எந்தப் பல் இருந்தது என்று மார்க் வைத்துக்கொண்டோம். சிங்க்ரோ ரிங்கைக் கோனில் அழுத்தி வைத்து, ரிங்குக்கும் டாக் பற்களுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் எவ்வளவு உயிர் மிச்சம் என்று தெரியும். தேயத் தேய ரிங் கோனில் ஆழமாகப் போகும், இடைவெளி சுருங்கும். மூன்றாவதன் ரிங்கில் மிக மெல்லிய பிளேடுதான் நுழைந்தது. செலெக்டர் ஃபோர்க்கின் பாதமும் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. டிரைவர் அண்ணன் லிவரை அமுக்கிப் பிடித்தே ஓட்டியதன் கைங்கரியம். அவரைக் குறை சொல்ல முடியுமா? வேறு என்ன செய்வார் மனுஷன்.

மாற்ற வேண்டியவை என்று பட்டியல் போட்டோம்: மூன்றாவது கியர், ஹப், ஸ்லீவ், சிங்க்ரோ ரிங், ஃபோர்க், பின் பேரிங், சர்க்கிளிப்புகள், ஆயில் சீல், செலெக்டர் ராடைப் பிடிக்கும் குண்டுக்கான ஸ்பிரிங். ஹப்பையும் ஸ்லீவையும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். கழட்டிய சர்க்கிளிப் முறுக்கு இழந்திருக்கும், நன்றாகத் தெரிந்தாலும் திரும்பப் போடக்கூடாது. கடையில் இருந்து வந்ததும் பழசுக்குப் பக்கத்தில் வைத்துப் பல் எண்ணிக்கை, அகலம், பள்ளத்தின் இடம் மூன்றையும் ஒப்பிட்டோம்.

இனி என் பெருமைக்குரிய கட்டம். பின் பேரிங்கை ஷாஃப்ட்டில் ஏற்றும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஆயிலில் சுட வைத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அடுப்பு பற்ற வைக்க நேரமாகும் என்று பித்தளைக் கம்பியை வெளிவளையத்தில் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினேன். அழகாக ஏறிவிட்டது. பெரிய மெக்கானிக் வந்து, பேரிங்கைக் காதருகே வைத்து விரலால் மெதுவாகச் சுற்றினார். என்னையும் சுற்றச் சொன்னார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்கு மட்டும் ஒரு இடத்தில் மணல் மாதிரி லேசாகத் தட்டியது.

"இறுக்கமா உக்கார்றது உள்வளையம். நீ அடிச்சது வெளிவளையத்துல. நடுவுல இருக்க குண்டு வழியாத்தானப்பா அந்த அடி பூராவும் போயிருக்கும்? குண்டு ஓடுற பாதையில குழி விழுந்துருச்சு. கழட்டி வை. பெட்டியில இருந்து எடுத்து அஞ்சு நிமிஷம் ஆகல, இது பழசு."

மதுரையில் இருந்து வேறு பேரிங் வர மறுநாள் ஆகிவிட்டது. அதற்கான காசை டிரைவர் அண்ணன் பில்லில் சேர்க்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு நடை வாடகை போயிற்று. அது யார் கணக்கில் என்று இன்றைக்கும் நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

பேரிங் வந்து சேர்வதற்குள் ஆட்டோமேட்டிக் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஓல்ட்ஸ்மொபில் காரில் 1940-ஆம் ஆண்டு மாடலில் ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில் வந்தபோதே ஆட்டோமேட்டிக் பெட்டி பெருமளவில் விற்பனைக்கு வந்துவிட்டது. இன்றைக்குச் சென்னை அருகே ஒரகடத்தில் அலிசன் கம்பெனிக்குத் தொழிற்சாலையே இருக்கிறது. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் கிளட்ச் பிளேட்டுக்குப் பதில், ஆயிலால் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். உள்ளே பிளானட்டரி கியர்கள். எந்தக் கியர் வேண்டுமோ அதற்குரிய கிளட்ச் அடுக்கை ஆயில் அழுத்தம் இறுக்கிப் பிடிக்கும். மாட்டும்போது புது ஃபிரிக்ஷன் பிளேட்டுகளை அதற்குரிய ஆயிலில் நன்றாக ஊற வைத்துத்தான் அடுக்க வேண்டும், காய்ந்த பிளேட் முதல் ஓட்டத்திலேயே கருகும். வேஸ்ட் துணியால் துடைக்கவே கூடாது, ஒரு நூல் பிசிறு வால்வு பாடியில் சிக்கினால் போதும். கன்வெர்ட்டர் பம்ப்பில் முழுசாக உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்காமல் போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடையும். அங்கேயும் ஒவ்வொரு அடுக்குக்கும் இடைவெளி அளந்து, சரியான தடிமன் உள்ள வளையத்தைத் தேர்ந்து போட வேண்டும். ஷாஃப்ட்டின் ஆட்டத்தையும் டயல் கேஜால்தான் பார்க்க வேண்டும். பிரித்துப் பார்த்தபோது எனக்கு இந்த இடம்தான் பழகிய ஊர் மாதிரி இருந்தது.

புது லாரிகளில் வருகிற ஏ.எம்.டி. வேறு ஜாதி. கிளட்ச் பெடல் இருக்காது, ஆனால் உள்ளே இருப்பது நம் பெட்டியைப் போன்ற பல்சக்கரப் பெட்டிதான். டிரைவரின் காலும் கையும் செய்ததைக் காற்றழுத்தமும் கம்ப்யூட்டரும் செய்கின்றன. கிளட்ச் மாற்றினால், அது எங்கே கவ்வுகிறது என்பதைக் கம்ப்யூட்டருக்கு ஸ்கேன் கருவி மூலம் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். அது ஒன்றுதான் நமக்குப் புதுசு. பேரிங் ஆடினால் இதிலும் பல் தேயத்தான் செய்யும்.

பேரிங் வந்தது. இந்தத் தடவை ஆயிலை அடுப்பில் வைத்து, தெர்மாமீட்டர் போட்டு, நூறு டிகிரியைத் தாண்டாமல் சூடாக்கினேன். நூற்றிருபதுக்கு மேல் போனால் பேரிங் எஃகின் பதமே கெடும். சூடான பேரிங் கை வைத்ததும் வழுக்கிக்கொண்டு போய் இடத்தில் உட்கார்ந்தது, ஒரு தட்டு தேவைப்படவில்லை. அடுத்து கவர். பேரிங் பெட்டியில் இருந்து எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று டெப்த் கேஜால் ஓர் அளவு, கவரின் உள்பள்ளம் எவ்வளவு ஆழம் என்று இன்னோர் அளவு, பேக்கிங்கின் தடிமன் மூன்றாவது. கூட்டிக் கழித்து மிச்சம் வருகிற இடைவெளிக்கு ஷிம். ஒற்றைப் பேக்கிங். முறுக்கிவிட்டு மறுபடி டயல் கேஜ்: 0.08. பிரீதரைக் கம்பி விட்டுக் குத்தி, காற்றடித்து, ஊதிப் பார்த்து மாட்டினோம்.

பெட்டியை வண்டியில் ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை. இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைந்த பிறகு, ஜாக்கியை இறக்கிவிட்டுப் பெட்டியின் கனத்தைப் பிளேட் மேல் தொங்கவிடக்கூடாது. பிளேட்டின் நடுப்பகுதி நெளிந்துவிடும், பிறகு கிளட்ச் விடாது, பழி மறுபடி ஸ்பேருக்கு. பிளேட்டை டம்மி ஷாஃப்ட் வைத்து நடுவில் நிறுத்தியிருந்தால் பெட்டி தானாக உள்ளே போகும். ஆயில், புத்தகத்தில் சொன்ன 80டபிள்யூ-90, ஜிஎல்-4. "ஜிஎல்-5 இன்னும் ஒஸ்தி" என்று கடையில் சொல்வார்கள். டிஃபரென்ஷியலுக்கு ஒஸ்திதான். அந்த ரக ஆயில்கள் சிலவற்றில் உள்ள கந்தக ரசாயனம் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கும்.

அடுத்த நடைக்கு, பெரிய மெக்கானிக்கிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நானும் கேபினில் ஏறினேன். வாழைக்காயும் தக்காளியும் முழு லோடு. குமுளி ஏறி, செக்போஸ்ட் தாண்டி, குட்டிக்கானத்தில் டீ குடித்தோம். இறக்கம் தொடங்கும் இடத்தில் அண்ணன் மூன்றாவதைப் போட்டு ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தார். இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. முதல் இரண்டு வளைவுக்கு அவருடைய இடது கை லிவர் மேலேயே இருந்தது, பழக்கம். மூன்றாவது வளைவில் கையை எடுத்தார், ஆனால் லிவருக்கு அரை அடி மேலே அந்தரத்தில் வைத்திருந்தார். பெருவந்தானம் வரும்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. முண்டக்கயத்தில் இறங்கி நான் பின் சக்கரத்து டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சூடு இருந்தது, வாடை இல்லை. பெட்டியின் பின் கவரிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈரம் இல்லை.